ஷாக் அடிக்காத மின்சாரம்: கார் ஸ்டீரியோவை நாமே பொருத்தும்போது

சிகாகோவில் ஒரு சிறு தொழிற்சாலை நடத்திவந்த பால் கால்வின், காரில் வைத்துக் கேட்கக்கூடிய ரேடியோ ஒன்றை 1930இல் செய்து முடித்தார். அதைத் தன் ஸ்டூடிபேக்கர் காரில் பொருத்திக்கொண்டு, அந்த ஜூன் மாதம் அட்லாண்டிக் சிட்டியில் கூடிய ரேடியோ உற்பத்தியாளர் மாநாட்டுக்கு ஓட்டிப் போனார். உள்ளே கடை போட இடம் கிடைக்கவில்லை. வண்டியை வெளியே நிறுத்தி, சத்தத்தைக் கூட்டி வைத்து, வருவோர் போவோரிடம் ஆர்டர் பிடித்தார். மோட்டரோலா என்ற பெயரே அந்தக் கார் ரேடியோவுக்காகப் பிறந்ததுதான். அதே நாட்களைப் பற்றி வழிவழியாகச் சொல்லப்படும் கதை இன்னொன்றும் உண்டு. கடன் தர வேண்டிய வங்கிக்காரரை மகிழ்விக்க அவருடைய பேக்கார்டு காரில் ரேடியோ பொருத்திக் கொடுத்தார்களாம்; அரை மணி நேரத்தில் கார் தீப்பிடித்துவிட்டதாம்.

அன்றைய கார்களில் பேட்டரி 6 வோல்ட். ரேடியோவின் வால்வுகளுக்கு 100 வோல்ட்டுக்கு மேல் தேவைப்பட்டதால் தனியாக உலர் பேட்டரிகளை வண்டியின் தரைக்கு அடியில் பெட்டி கட்டி வைத்தார்கள். இன்று அதெல்லாம் கிடையாது. 12 வோல்ட் பேட்டரி, உள்ளங்கையில் அடங்கும் சர்க்யூட், இரண்டு கப்ளர், நாலு ஸ்க்ரூ. ஆன்லைனில் வாங்கிய செட்டை ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டு வாசலிலேயே மாட்டிவிடலாம் என்று தோன்றுவது இயல்புதான். மாட்டலாம் என்பதே என் கருத்தும். ஆனால் இந்த வேலையில் ஆபத்து எங்கே இருக்கிறது என்பதைப் பெரும்பாலோர் தப்பான இடத்தில் தேடுகிறார்கள். ஷாக் அடிக்குமா என்று பார்க்கிறார்கள். அடிக்காது என்றதும் பயம் போய்விடுகிறது. காரில் பயப்பட வேண்டியது சூட்டுக்கு.

உலர்ந்த தோலுக்கு ஆயிரக்கணக்கான ஓம் மின்தடை உண்டு. 12 வோல்ட்டால் அதற்குள் சில மில்லியாம்பியருக்கு மேல் செலுத்த முடியாது. கைக்குத் தெரியவே தெரியாது. வீட்டில் 230 வோல்ட் சுவிட்ச் போர்டைத் தொடுவதற்கு முன் மெயினை அணைக்கிற மனிதர், காரில் பேட்டரி இணைப்போடு வயரைச் சீவுவது இந்த நம்பிக்கையில்தான். ஆனால் அதே பேட்டரிதான் ஸ்டார்ட்டர் மோட்டாரைச் சுழற்றச் சில நூறு ஆம்பியரைக் கண நேரத்தில் கொடுக்கிறது. சிறிய பெட்ரோல் கார்களில் இருக்கும் 35 ஆம்பியர்-அவர் பேட்டரிக்கும் உள்தடை சில மில்லியோம்தான். பாசிட்டிவ் முனைக்கும் பாடிக்கும் நடுவே ஒரு ஸ்பேனர் விழுந்தால் அந்த நூற்றுக்கணக்கான ஆம்பியர் முழுவதும் ஸ்பேனர் வழியாகப் பாயும். ஸ்பேனருக்குப் பதில் விரலில் போட்ட மோதிரமோ உலோகப் பட்டை வாட்சோ அந்த இடத்தில் மாட்டிக்கொண்டால், தோலில் ஷாக் இருக்காது. உலோகம் பழுக்கக் காய்ந்து விரலைச் சுற்றிச் சுட்டுவிடும். மோதிரம், வாட்ச், தொங்கும் செயின் ஆகியவற்றைக் கழற்றி வைத்துவிட்டு போனட்டைத் திறப்பது முதல் வேலை.

இனி வயரின் கணக்கு. செம்பில் 1 ஸ்கொயர் எம்எம் வயருக்கு ஒரு மீட்டருக்கு 0.017 ஓம் தடை. பேட்டரியிலிருந்து டேஷ்போர்டு வரை அரை ஸ்கொயர் எம்எம் மெல்லிய வயரை 4 மீட்டர் இழுத்திருக்கிறீர்கள், நடுவில் ஃபியூஸ் இல்லை என்று வையுங்கள். அதன் தடை 0.14 ஓம் அளவு. நுனி எங்காவது பாடியில் பட்டால் 85 ஆம்பியர் பாயும். வயருக்குள் ஏறக்குறைய 1000 வாட் வெப்பம் பிறக்கும். ஓர் இஸ்திரிப் பெட்டியின் சூடு அது. அந்த வயரில் உள்ள செம்பு மொத்தம் 18 கிராம்தான் என்பதால் முதல் நொடியிலேயே வெப்பம் 100 டிகிரிக்கு மேல் ஏறிவிடும். அடுத்து உறை உருகும், பக்கத்து வயர்களின் உறையும் உருகும். டேஷ்போர்டுக்குப் பின்னால் இருப்பது பஞ்சும் பிளாஸ்டிக்கும். புகை வெளியே தெரியும்போது கட்டு முழுவதும் ஒட்டிப்போயிருக்கும்.

ஃபியூஸ் எதற்கு என்பது இந்தக் கணக்கிலிருந்தே புரியும். செட்டைக் காப்பாற்றத்தான் ஃபியூஸ் என்று பலரும் நினைக்கிறார்கள். செட்டின் முதுகில் இருக்கும் 10 அல்லது 15 ஆம்பியர் ஃபியூஸ் ஓரளவு அதற்குத்தான். வயரிங்கில் உள்ள ஃபியூஸ் காப்பது வயரை. அதனால் அது மின்சாரம் புறப்படும் இடத்துக்கு அருகில் இருக்க வேண்டும். பேட்டரியிலிருந்து நேராக லைன் எடுத்தால் 45 சென்டிமீட்டருக்குள் ஃபியூஸ் வைப்பது ஆடியோ வேலை செய்பவர்களிடையே நெடுநாளாக உள்ள வழக்கம். இன்னும் நெருக்கமாக வைக்க முடிந்தால் நல்லது. வயரின் மறுமுனையில், செட்டுக்குப் பக்கத்தில் ஃபியூஸ் வைத்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் உண்டு. வழியில் எங்கே உரசி ஷார்ட் ஆனாலும் அந்த ஃபியூஸ் வழியாகக் கரண்ட் போகவே போகாது. அது முழுசாக இருக்க, வயர் எரிந்துகொண்டிருக்கும்.

காரில் இருப்பது பெரும்பாலும் தட்டை வடிவ பிளேடு ஃபியூஸ்கள். நிறம் பார்த்தே ஆம்பியர் சொல்லலாம்: 10 சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள், 30 பச்சை. ஃபியூஸ் போட்டால் எல்லை தாண்டிய உடனே அறுந்துவிடும் என்று நம்பக்கூடாது. 15 ஆம்பியர் ஃபியூஸில் 20 ஆம்பியர் போனால் அது அறுவதற்குச் சில நிமிடங்கள்கூட ஆகலாம். தர விதியே 10 நிமிடம் வரை அனுமதிக்கிறது. அந்த நிமிடங்களைத் தாங்கும் தடிமன் வயருக்கு இருந்தாக வேண்டும். அடிக்கடி அறுகிறது என்று நீலத்தை எடுத்துவிட்டுப் பச்சையைச் செருகுவது, சிகரெட் பெட்டியின் வெள்ளித் தாளைச் சுற்றி வைப்பது, ஒற்றைச் செம்பு இழையைக் கோத்து வைப்பது எல்லாம் நம் ஊர்களில் கண்ணால் காணக்கூடியவை. ஃபியூஸ் ஒரு முறை அறுந்தால் மாற்றிப் பார்க்கலாம். இரண்டாம் முறையும் அறுந்தால் வண்டியை நிறுத்திவிட்டு வயரைத் தேட வேண்டும்.

செட்டின் அட்டைப்பெட்டியில் ‘50 வாட் x 4’ என்று அச்சடித்திருப்பதைப் பார்த்து மிரண்டு தடித்த ஃபியூஸைத் தேடுபவர்களும் உண்டு. இன்ஜின் ஓடும்போது 14.4 வோல்ட்; 10 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக நிலையாக உள்ளே போகக்கூடியது 144 வாட். உள்ளே 144 போனால் வெளியே 200 வராது. அந்த 50 என்பது கணப்பொழுது உச்சம். ஒரு சேனலுக்கு நிலையாகக் கிடைப்பது 20 வாட் அளவே. ஆகவே ஸ்பீக்கர் மட்டும் இயக்கும் செட்டுக்கு, கம்பெனி கொடுத்த ரேடியோ லைனே போதும். புது லைன் இழுக்க வேண்டிய அவசியமே பெரும்பாலும் இல்லை. இது தெரிந்தாலே பாதி ஆபத்து விலகிவிடும்.

வயரின் நிறங்களில் ஒரு பொறி இருக்கிறது. சந்தையில் வாங்கும் செட்டுகளில் மஞ்சள் நேர் பேட்டரி லைன், சிவப்பு சாவி லைன், கறுப்பு எர்த், நீலம் ஆன்டெனாவுக்கு. வெள்ளை, சாம்பல், பச்சை, ஊதா ஆகியவை நான்கு ஸ்பீக்கர்கள், கறுப்புக் கோடு போட்டது அதன் நெகட்டிவ். இது செட் பக்கத்து வழக்கம். காரிலிருந்து வரும் வயருக்கும் இந்த நிறங்களுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு நிறக்கணக்கு. ஒரே கம்பெனியின் இரண்டு மாடலுக்கே வேறுபடும். சிவப்போடு சிவப்பை முறுக்குவது எத்தனையோ செட்டுகளின் கதையை முடித்திருக்கிறது. ஐரோப்பியக் கார்களில் பரவலாக வரும் ஐஎஸ்ஓ 10487 கப்ளரில் நாலாவது முனை நிரந்தர லைன், ஏழாவது சாவி லைன், எட்டாவது எர்த். அதிலும் சில ஃபோக்ஸ்வேகன் வண்டிகளில் நாலும் ஏழும் இடம் மாறியிருக்கும்.

மஞ்சளும் சிவப்பும் இடம் மாறினால் ஒவ்வொரு முறை சாவியை எடுக்கும்போதும் செட் எல்லாவற்றையும் மறந்துவிடும். இரண்டையும் ஒன்றாக முறுக்கிப் பேட்டரி லைனில் கொடுத்தால் மறக்காது. ஆனால் சாவி எடுத்த பிறகும் செட் உறங்காது. ஆண்ட்ராய்டு செட் ஒன்று அப்படி விழித்திருந்து 1 ஆம்பியர் இழுத்தால், 35 ஆம்பியர்-அவர் பேட்டரி ஒன்றரை நாளில் தரைதட்டிவிடும். ஊருக்குப் போய்த் திரும்பும்போது வண்டி ஸ்டார்ட் ஆகாததற்கு இது ஒரு பொதுவான காரணம்.

இந்தக் குழப்பத்துக்கெல்லாம் நல்ல மருந்து, வண்டி மாடலுக்கென்றே வரும் கப்ளர் செட். ஒரு பக்கம் காரின் கப்ளரில் செருகும், மறுபக்கம் செட்டில் செருகும். கம்பெனி வயரில் கத்தி படவே வேண்டாம். சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைகளிலும், எல்லா ஊர் கார் அலங்காரக் கடைகளிலும், ஓடுகிற மாடல்களுக்கு இது சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. பல ஆயிரம் ரூபாய்க்குச் செட் வாங்கிவிட்டு இந்தச் சில நூறைச் சேமிப்பது எனக்குப் புரிவதில்லை. கம்பெனி வயரை வெட்டினால் மின்சாரப் பழுதுக்கான வாரண்டியை மறுக்கவும் அது காரணமாகும்.

அப்படியும் வயரோடு வயர் சேர்க்க வேண்டி வரும் இடங்கள் உண்டு. தீ உண்மையில் தொடங்குவது பெரும்பாலும் அங்கேதான் என்பதால் இதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். சில வருடம் ஓடிய காரில் பழைய செட்டை வெளியே இழுத்து, முறுக்கி டேப் சுற்றிய ஓர் இணைப்பைப் பாருங்கள். டேப்பின் நுனி பிரிந்து நிற்கும். தொட்டால் விரலில் கறுப்புப் பசை ஒட்டும். டேப்பை இழுத்தால் சுற்றாகப் பிரியாது, உறை போலக் கழன்று வரும். உள்ளே இழைகள் செம்பு நிறம் இழந்து மங்கி, இரண்டொன்று ஒடிந்து, முறுக்கு தளர்ந்திருக்கும். மே மாத வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய காரின் டேஷ்போர்டு 70 டிகிரி வரை சுடும். எந்தச் சாதாரண டேப்பின் பசையும் அந்தச் சூட்டில் ஒவ்வொரு பகலும் இளகி, ஒவ்வொரு இரவும் இறுகி, சில வருடம் தாங்காது. அதற்கு மேல் சாலையின் அதிர்வு வேறு.

தளர்ந்த இணைப்பில் 0.1 ஓம் தடை வந்துவிட்டால், 10 ஆம்பியர் போகும்போது அந்த ஒற்றைப் புள்ளியில் 10 வாட் சூடு. பட்டாணி அளவு இடத்தில் 10 வாட் என்றால் பிளாஸ்டிக் பழுப்பேறும், கருகும். கருகக் கருகத் தடை கூடும், சூடும் கூடும். இதில் கவனிக்க வேண்டியது, லைனில் போவது வழக்கமான 10 ஆம்பியர்தான் என்பது. ஃபியூஸ் இதை அறியவே அறியாது. எந்த ஃபியூஸும் காப்பாற்ற முடியாத தவறு இந்தத் தளர்ந்த ஜாயின்ட். ஆகவே முறுக்கி டேப் சுற்றுவதை விட்டுவிட வேண்டும். சரியான அளவு கிரிம்ப் முனையைக் கட்டிங் பிளேயரால் அல்லாமல் அதற்கான கிரிம்பிங் கருவியால் அழுத்திப் பொருத்தலாம். அல்லது சால்டர் வைத்து, ஹீட் ஷ்ரிங்க் ட்யூப் போட்டுச் சுருக்கி, பக்கத்திலேயே வயரை அசையாமல் கட்டலாம். கிரிம்ப் செய்த பிறகு இரண்டு பக்கமும் பிடித்து ஓர் இழு இழுத்துப் பார்க்க வேண்டும். கையோடு வந்தால் இப்போதே வருவது நல்லது.

வீட்டு வயரிங்கில் மிஞ்சிய வயரைக் காரில் பயன்படுத்துவதும் அதே காரணத்தால் தவறு. சாதாரண வீட்டு பிவிசி வயரின் உறை 70 டிகிரிக்கென்று வடிவமைக்கப்பட்டது. வெயிலில் நிற்கும் காரின் உள்ளேயே அந்த எல்லை வந்துவிடுகிறது. போனட்டுக்கு அடியில் எளிதாகத் தாண்டும். காருக்கென்று வரும் வயர் அதைவிடக் கூடிய சூட்டுக்கும் எண்ணெய்க்கும் அதிர்வுக்கும் செய்யப்பட்டது, இழைகளும் மெல்லியவை.

வேலையைத் தொடங்கும் முன் பேட்டரியைக் கழற்ற வேண்டும். முதலில் நெகட்டிவ், அதுவும் பெரும்பாலான கார்களில் 10 எம்எம் ஸ்பேனரால். பாசிட்டிவை முதலில் தொட்டால், நெகட்டிவ் இன்னும் பாடியோடு இணைந்திருப்பதால், ஸ்பேனர் நழுவிப் பாடியில் பட்ட கணமே ஷார்ட். சார்ஜ் ஆன பேட்டரியைச் சுற்றி ஹைட்ரஜன் இருக்கும். காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே பற்றும், ஒரு பொறி போதும். மாட்டும்போது வரிசை தலைகீழ்: பாசிட்டிவ் முதலில், நெகட்டிவ் கடைசியில்.

கழற்றிய உடனே டேஷ்போர்டுக்குள் கை விடக்கூடாது, அதற்குக் காரணம் ஏர்பேக். இந்தியாவில் 2019 ஜூலை முதல் ஓட்டுநர் பக்கமும், 2021 இறுதியிலிருந்து எல்லாப் புதுக் கார்களிலும் முன் பயணி பக்கமும் ஏர்பேக் கட்டாயம். ஆகவே இன்றைய செட் அமரும் இடத்துக்கு இரு பக்கமும் வெடிமருந்து வைத்த ஏர்பேக்குகள் இருக்கின்றன. விபத்தில் பேட்டரி துண்டிக்கப்பட்டாலும் வேலை செய்ய வேண்டும் என்பதற்காக அதன் கட்டுப்பாட்டுப் பெட்டியில் ஒரு கெப்பாசிட்டர் சார்ஜைப் பிடித்து வைத்திருக்கும். அது வடிவதற்கு 90 வினாடி முதல் சில நிமிடங்கள் காத்திருக்கும்படி தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள். உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்று கையேட்டில் பார்க்கலாம், இல்லையென்றால் 10 நிமிடம் விடுங்கள். மஞ்சள் உறையும் மஞ்சள் கப்ளரும் உள்ள வயர்கள் ஏர்பேக்குடையவை. அவற்றைக் கழற்றவோ சீண்டவோ மீட்டர் வைக்கவோ வேண்டாம். கடிகாரமும் செட்டிங்கும் அழியக்கூடாதென்று வேறு சிறு பேட்டரியை லைட்டர் சாக்கெட்டில் சொருகி வைப்பவர்கள், கழற்றிய பயனையே இல்லாமல் செய்துவிடுகிறார்கள். கடிகாரத்தைத் திரும்ப வைத்துக்கொள்ளலாம்.

லைன் இருக்கிறதா என்று பார்க்கப் பட்டறையில் பல்ப் வைத்த டெஸ்டரைப் பயன்படுத்துவார்கள். பழைய கார்களுக்கு அது நல்ல கருவி. புதுக் கார்களில் செட்டுக்குப் பின்னால் வரும் வயர்களில் இரண்டு, முறுக்கிய ஜோடியாக, கேன் பஸ் எனப்படும் தகவல் லைனாக இருக்கலாம். போஷ் நிறுவனம் 1986இல் அறிமுகப்படுத்திய இந்த முறையில் இன்ஜின், பிரேக், மீட்டர் போர்டு எல்லாம் அந்த இரண்டு வயரில் பேசிக்கொள்கின்றன. அமைதியில் இரண்டிலும் 2.5 வோல்ட் இருக்கும். பல்ப் டெஸ்டர் இழுக்கும் கரண்ட் அங்கே அந்தப் பேச்சைக் குலைத்துவிடும். 12 வோல்ட்டைத் தவறிக் கொடுத்தால் கட்டுப்பாட்டுப் பெட்டியே போய்விடும். டிஜிட்டல் மல்டிமீட்டர்தான் வேண்டும். அதிலும் ஒரு கவனம்: முன்பு கரண்ட் அளக்கச் சிவப்பு வயரை 10 ஆம்பியர் ஓட்டையில் மாற்றியிருந்தால், திரும்ப வோல்ட் ஓட்டைக்கு மாற்றாமல் பேட்டரியின் இரு முனையில் வைக்கக்கூடாது. அந்த நிலையில் மீட்டர் வெறும் செம்புத் துண்டுக்குச் சமம்.

ஸ்பீக்கர் பக்கம் ஆபத்து செட்டுக்குத்தான், வண்டிக்குக் குறைவு. இன்றைய செட்டுகளில் ஸ்பீக்கரின் இரு வயரும் ஆம்பிளிஃபையரிலிருந்து வருபவை. நெகட்டிவ் என்று எழுதியிருப்பதால் அதைப் பாடியில் கொடுக்கக்கூடாது. 4 ஓம் ஸ்பீக்கர் இரண்டை ஒரே லைனில் பக்கவாட்டில் சேர்த்தால் 2 ஓம் ஆகிச் செட் கொதிக்கும்.

எர்த் விஷயம் சற்றுப் பெரிது. பெயின்டைச் சுரண்டி வெறும் இரும்பில், பற்றிக்கொள்ளும் வாஷரோடு, குட்டையாகக் கொடுக்க வேண்டும். சீட் பெல்ட் போல்ட் கைக்கு வாகாக இருக்கும். அதில் வயர் முனையைச் சொருகாதீர்கள், அந்த போல்ட்டின் பிடிமானம் உயிருக்கானது. நிறுத்தத்தில் இன்ஜின் தானே அணைந்து எழும் வகைக் கார்களில் பேட்டரி நெகட்டிவ் முனையில் ஒரு சென்சார் உட்கார்ந்திருக்கும். அதைத் தாண்டி நேராக முனையில் எர்த் கொடுத்தால் பேட்டரிக் கணக்கு பிசகும். பாடியில் கொடுப்பதே முறை.

டிக்கியில் ஆம்பிளிஃபையர் வைப்பவர்களுக்கு மேலே சொன்ன எல்லாமே பத்து மடங்கு. நிலையாக 500 வாட் கொடுக்கும் ஏபி வகை ஆம்பிளிஃபையர் 55 ஆம்பியரைத் தாண்டி இழுக்கும். 5 மீட்டருக்கு 4 ஸ்கொயர் எம்எம் வயர் போட்டால் வயர் மட்டுமே 65 வாட்டுக்கு மேல் சுடும், வோல்ட்டும் 1.2 குறையும். கடைக்காரர்கள் 4 கேஜ் என்று சொல்லும் 21 ஸ்கொயர் எம்எம் வயரில் இழப்பு கால் வோல்ட்டுக்குள் அடங்கும். இங்கே இன்னொரு ஏமாற்றம் காத்திருக்கிறது. மலிவான வயரிங் கிட்டுகளில் பல, செம்பு முலாம் பூசிய அலுமினியம். நுனியை வெட்டிக் குறுக்குவெட்டைப் பார்த்தால் இழையின் நடு வெள்ளையாக மின்னும். அது செம்பில் மூன்றில் இரண்டு பங்கு அளவே மின்சாரம் கடத்தும். உறை மட்டும் தடித்திருக்கும். அதைத்தான் போடுவதென்றால் ஒரு படி தடித்ததும், ஃபியூஸ் ஒரு படி குறைந்ததுமாக இருக்க வேண்டும்.

அந்த மெயின் வயர் இன்ஜின் பக்கத்திலிருந்து உள்ளே வரும் ஓட்டைதான் வண்டியிலேயே கொடிய இடம். தகட்டின் வாய் கத்தி போன்றது. ரப்பர் வளையம் இல்லாமல் வயரை நுழைத்தால் ஒவ்வொரு மேடு பள்ளத்திலும் உறை கொஞ்சம் கொஞ்சமாக அறும். கம்பெனி விட்டிருக்கும் ரப்பர் மூடியைத் துளைத்தோ, புதிதாக வளையம் போட்டோ கொண்டுவர வேண்டும். ஸ்டீயரிங் தண்டு, பெடல், சைலன்சர் எதுவும் தொடாத வழியாக, உள்ளே வரும் வரை நெளி உறைக்குள் போக வேண்டும். சத்தத்துக்கு நல்லது என்று சேர்க்கப்படும் 1 ஃபாரட் கெப்பாசிட்டர் சார்ஜ் ஆனால் அதில் 70 ஜூலுக்கு மேல் நிற்கும். பேட்டரியைக் கழற்றினாலும் அது தன் போக்கில் பொறி விடும். தடையின் வழியாகச் சார்ஜ் செய்து, தடையின் வழியாகவே வடிக்க வேண்டும்.

லாரிக்காரர்கள் செய்யும் ஒன்றையும் சொல்ல வேண்டும். லாரியிலும் பேருந்திலும் இரண்டு பேட்டரி சேர்ந்து 24 வோல்ட். ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுத்துச் செட் ஓட்டினால் அந்தப் பேட்டரி காலியாகிக்கொண்டே வர, மற்றது அளவுக்கு மேல் சார்ஜ் ஆகிக் கொதிக்கும். 24-ஐ 12 ஆக்கும் கன்வெர்ட்டர் வைப்பதே சரி. மின்சாரக் கார்களிலும் செட்டுக்கு 12 வோல்ட் பேட்டரிதான் தனியே இருக்கிறது; ஆனால் அதே வண்டியில் ஓடும் ஆரஞ்சு நிற வயர்களில் 300 வோல்ட்டுக்கு மேல் இருக்கலாம். இந்த ஒன்று மட்டும் உண்மையாகவே ஷாக் அடித்துக் கொல்லும். தரையைத் துளைப்பது, ஓட்டை போடுவது எதுவும் அங்கே வீட்டு வேலை ஆகாது.

மாடலுக்கேற்ற கப்ளரோடு செட் மாற்றுவதை நிதானமுள்ள எவரும் வீட்டில் செய்யலாம். பேட்டரியிலிருந்து நேர் லைன், ஆம்பிளிஃபையர், கேன் பஸ் லைனோடு செட்டை இணைக்க வேண்டிய வண்டி, மின்சாரக் கார் ஆகியவற்றை இந்த வேலை தெரிந்த ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடலாம். கூடவே நின்று, ஃபியூஸ் எங்கே வைக்கிறார், ஓட்டையில் ரப்பர் போடுகிறாரா என்று கேளுங்கள். கேட்டால் கோபிக்கிறவரிடம் வண்டியைக் கொடுக்க வேண்டாம். யார் மாட்டினாலும் டேஷ்போர்டை மூடும் முன் செட்டை அரை மணி நேரம் ஓரளவு சத்தத்தில் ஓட்டி, ஒவ்வொரு ஜாயின்டையும் கப்ளரையும் விரலால் தொட்டுப் பாருங்கள். செட்டின் முதுகு சூடாக இருக்கும், அது இயல்பு. ஜாயின்ட் வெதுவெதுப்பாக இருந்தால் பிரித்து மீண்டும் செய்யுங்கள். கடைசியாக, சாவியை எடுத்து, கதவுகளைப் பூட்டி, வண்டி முழுதும் உறங்க அரை மணி நேரம் விட்டு, நெகட்டிவ் வயரில் கரண்ட் அளந்து பாருங்கள். 50 மில்லியாம்பியருக்குள் நின்றால் ஸ்க்ரூவை முடுக்கலாம்.